மூளை அனியூரிசம்: கிளிப் சரியாக விழுந்த பிறகும் நோயாளி ஏன் தேறுவதில்லை?

"கிளிப் போட்டாச்சு, நல்லபடியா முடிஞ்சுது" என்று சர்ஜன் வெளியே வந்து சொல்கிறார். மூளை ரத்தக்குழாயில் புடைத்து வெடித்த பையின் (அனியூரிசத்தின்) கழுத்தைச் சிறு கிளிப்பால் அடைக்கும் ஆபரேஷன் அது. குடும்பத்துக்கு உயிர் வந்த மாதிரி இருக்கிறது. மறுநாள் நோயாளி கண் விழிக்கிறார், பெயர் சொல்கிறார், காபி கேட்கிறார். ஏழாம் நாள் வலது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. சிலர் அதற்கப்புறம் எழுந்திருப்பதே இல்லை. ஐ.சி.யூ. வாசலில் நிற்பவர்கள் அப்போது கேட்பது ஒன்றைத்தான்: ஆபரேஷனில் என்ன தப்பு நடந்தது?

பெரும்பாலான சமயங்களில் தப்பு அங்கே இல்லை. தியேட்டருக்குள் கழியும் அந்த நான்கைந்து மணி நேரம் முக்கியம்தான். அங்கும் விபரீதங்கள் நடப்பதுண்டு, அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் அனியூரிசம் வெடித்த ஒருவர் எந்த அளவுக்குத் தேறுவார் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை அதற்கு முந்தைய சில மணி நேரமும் பிந்தைய இரண்டு வாரமும். இதை யாராவது குடும்பத்தோடு உட்கார்ந்து முதல் நாளே விளக்கியிருந்தால் எத்தனையோ மனக்கசப்புகளைத் தவிர்த்திருக்கலாம். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வெடித்த அந்த நிமிடம்

மூளையின் அடிப்பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய்கள் ஒரு வளையமாகச் சேர்ந்து, அங்கிருந்து கிளை பிரிகின்றன. கிளை பிரியும் கவட்டில் ரத்தம் வந்து மோதிக்கொண்டே இருக்கும். சுவர் நலிந்த இடம் பழைய சைக்கிள் டியூப் போலப் புடைத்து, ஒரு பை உருவாகிறது. அதுதான் அனியூரிசம். பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடம் இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்பது கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை ஆயுள் முழுக்க வெடிப்பதே இல்லை. புகைப்பிடிப்பவர்களுக்கும் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கும் வெடிக்கும் ஆபத்து அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு வெடிப்பது கூடுதல். வயது பெரும்பாலும் ஐம்பதையொட்டி.

வெடித்தால், மூளையைச் சுற்றியுள்ள நீர் நிறைந்த இடைவெளியில் ரத்தம் பீய்ச்சியடிக்கிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் சட்டென்று ஏறி, சில நேரம் ரத்தக்குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தையே எட்டிவிடும். அந்தச் சில விநாடிகளோ நிமிடங்களோ மூளைக்கு ரத்தம் போகாது. பலர் அந்த இடத்திலேயே மயங்கி விழுவது இதனால்தான். ஓட்டம் திரும்பினாலும் அதற்குள் மூளை செல்கள் அடிபட்டிருக்கும், வீக்கம் தொடங்கியிருக்கும். பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் மருத்துவமனையை எட்டுவதற்கு முன்பே இறந்துவிடுகிறார்கள்.

கிளிப்பின் வேலை இந்த இடத்தில்தான் தெளிவாகப் புரிய வேண்டும். அது இரண்டாவது முறை வெடிக்காமல் தடுக்கிறது, அவ்வளவுதான். முதல் வெடிப்பில் போனதை அது திருப்பித் தராது. எவ்வளவு அழகாகக் கிளிப் போட்டாலும் அந்த முதல் நிமிடங்களின் கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

இதனால்தான் மருத்துவர்கள் நோயாளி வந்து சேர்ந்ததும் முதலில் பார்ப்பது, அவர் எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்பதை. 1968ல் ஹன்ட், ஹெஸ் என்ற இருவர் வகுத்த ஐந்து படிநிலைகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள். 1988ல் உலக நரம்பியல் அறுவை சிகிச்சை சங்கங்களின் கூட்டமைப்பு, நினைவின் அளவை எண்ணாகச் சொல்லும் கிளாஸ்கோ கோமா அளவை வைத்து இன்னொன்றை வகுத்தது. தலைவலியோடு நடந்து வந்தவர் முதல் படியில் இருப்பார். வலி கொடுத்தாலும் சரியாக அசையாமல் ஆழ்ந்த மயக்கத்தில் வந்தவர் ஐந்தாம் படியில் இருப்பார். முடிவை முன்கூட்டிச் சொல்வதில் இந்த ஒரு எண்ணுக்கு ஈடாக வேறெதுவும் இல்லை. அதோடு வயதையும், ஸ்கேனில் தெரியும் ரத்தக்கட்டியின் தடிப்பையும் சேர்த்துக்கொண்டால் படம் பெருமளவு முழுமையாகிவிடும்.

1980 முதல் 1983 வரை 14 நாடுகளில் 68 மையங்கள் சேர்ந்து 3,521 நோயாளிகளைப் பதிவு செய்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 1990ல் முடிவுகள் வெளியாயின. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது 26 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். 58 சதவீதம் பேர் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். சாவுக்கும் ஊனத்துக்கும் அந்த ஆய்வு முன்னால் வைத்த காரணங்கள் மூன்று: முதல் ரத்தக்கசிவு, மறுகசிவு, ரத்தக்குழாய் சுருங்கிப்போதல். சர்ஜனின் கை அந்த மூன்றில் இல்லை.

தொலைந்துபோகும் மணி நேரங்கள்

முதல் கசிவு நம் கையில் இல்லை. மறுகசிவு ஓரளவு இருக்கிறது. வெடித்த இடத்தை ரத்தம் உறைந்து தற்காலிகமாக அடைத்திருக்கும். அது எப்போது வேண்டுமானாலும் பெயரலாம். ஆபத்து மிக அதிகமாக இருப்பது முதல் 24 மணி நேரத்தில், அதிலும் முதல் ஆறு மணி நேரத்தில். மறுகசிவு ஏற்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிழைப்பதில்லை.

அந்த நேரம் எங்கே தொலைகிறது? முதலில் வீட்டில். "திடீர்னு தலையில இடி விழுந்த மாதிரி இருந்துச்சு" என்று நோயாளி சொல்வார். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும் தலைவலி அது. கழுத்து இறுகும், வாந்தி வரும். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுப்பார்கள், தைலம் தேய்ப்பார்கள், கொஞ்சம் தூங்கினால் சரியாகிவிடும் என்பார்கள். அப்புறம் கிளினிக்கில். அங்கே பி.பி. ஏறியிருப்பது தெரியும், அதுதான் தலைவலிக்குக் காரணம் என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுவதுண்டு. கசிவினால்தான் பி.பி. ஏறியிருக்கிறது என்ற எண்ணம் வர வேண்டும். வராமல் போகிறது.

நம்மூரில் மட்டும் நடப்பது என்று இதை நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் பெரிய மருத்துவமனை ஒன்றில் 482 நோயாளிகளை ஆராய்ந்து 2004ல் வெளியிட்டார்கள். 12 சதவீதம் பேருக்கு முதலில் நோய் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது. அதிகம் சொல்லப்பட்டது மைக்ரேன் அல்லது டென்ஷன் தலைவலி என்று. அவர்களில் பெரும்பாலோருக்கு நடந்த பிழை ஒன்றுதான், சி.டி. ஸ்கேன் எடுக்கவில்லை. இதில் மனதை உறுத்துவது என்னவென்றால், தவறிப்போனவர்கள் பெரும்பாலும் லேசான கசிவோடு, நல்ல நினைவோடு வந்தவர்கள். யார் முழுதாகப் பிழைத்திருக்க முடியுமோ அவர்களைத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

தலைவலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் நல்ல ஸ்கேனரில் சி.டி. எடுத்து, அனுபவமுள்ளவர் பார்த்தால் கசிவு ஏறக்குறைய தப்பவே தப்பாது. நாள் போகப் போக ரத்தம் கரைந்து, ஸ்கேனில் மங்கிவிடும். அப்போது முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த ஊசிக்குப் பயந்து குடும்பம் மறுத்துவிடுவதும் உண்டு.

இந்தியாவில் அனியூரிசம் மேலை நாடுகளைவிடக் குறைவு என்ற கருத்து ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட டாக்டர் பி. ராமமூர்த்தி 1969லேயே இந்தியாவில் அதன் நிகழ்வு பற்றி எழுதியிருக்கிறார். ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராம் சில ஊர்களில் மட்டுமே இருந்த காலம் அது. மருத்துவமனையை எட்டாமல் இறந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

தாமதத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவமனைகளின் "வெற்றி விகிதத்தை" படிக்க அது உதவும். முன்பெல்லாம் மூளை வீக்கம் வடியட்டும் என்று பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருந்து ஆபரேஷன் செய்தார்கள். அப்படிச் செய்தவர்களின் முடிவுகள் காகிதத்தில் நன்றாகவே இருந்தன. காரணம், காத்திருந்த நாட்களில் மறுகசிவில் இறந்தவர்கள் ஆபரேஷன் கணக்குக்குள்ளேயே வரவில்லை. நான் மேலே சொன்ன கூட்டு ஆய்வு, ஆபரேஷன் ஆனவர்களை மட்டும் எண்ணாமல் வந்து சேர்ந்த அத்தனை பேரையும் எண்ணியது. அப்போதுதான் காத்திருப்பதால் ஆதாயமில்லை என்பது தெளிவானது. கசிவுக்குப் பிறகு ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள் செய்தவர்களின் முடிவுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பதும் அதில் தெரியவந்தது. இன்று முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் அடைத்துவிட வேண்டும் என்பதே பொது விதி.

தியேட்டருக்குள்

1937ல் பால்டிமோரில் வால்டர் டேன்டி என்ற சர்ஜன் ஒரு வெள்ளி கிளிப்பை அனியூரிசத்தின் கழுத்தில் மாட்டியதுதான் தொடக்கம். 1960களின் பிற்பகுதியில் யாசர்கில் என்ற சர்ஜன் மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்த பிறகு இந்த அறுவை சிகிச்சையின் முகமே மாறியது.

கிளிப் போடுவது என்றால் என்ன என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து, மூளையின் இரு மடல்களுக்கு இடையிலான பிளவைப் பிரித்துக்கொண்டே உள்ளே போகிறார்கள். கசிந்த ரத்தம் எல்லாவற்றையும் ஒட்டவைத்திருக்கும். வீங்கிய மூளையை விலக்கிப் பிடிக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் அந்த இடமே கன்றிப்போகும். அனியூரிசத்தின் முன்பக்கம் கண்ணுக்குத் தெரியும். சிக்கல் பின்பக்கத்தில். அங்கிருந்து முடி அளவே தடிமனுள்ள நுண்குழாய்கள் மூளையின் ஆழத்துக்குப் போகின்றன. கிளிப்பின் அலகுக்குள் அதில் ஒன்று சிக்கிவிட்டால் போதும்: ஒரு பக்கம் கை கால் விழலாம், அல்லது நினைவு போகலாம். அனியூரிசம் பிரிக்கும்போதே வெடித்துவிட்டால், பெரிய குழாயைத் தற்காலிகக் கிளிப்பால் அடைத்துவிட்டு வேலை செய்ய வேண்டும். அந்த நிமிடங்கள் நீள நீள மூளைக்கு ஆபத்து. இப்போது பச்சைச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பிலேயே ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறார்கள், சிறு டாப்ளர் கருவியால் அந்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கிறார்கள். சந்தேகம் வந்தால் உடனே கிளிப்பை எடுத்து மாற்றிப் போடலாம்.

ஆபரேஷனால் மட்டும் எவ்வளவு கெடுகிறது? இதற்கு ஒரு நல்ல வழி, வெடிக்காத அனியூரிசத்துக்கு ஆபரேஷன் செய்தவர்களைப் பார்ப்பது. அவர்களுக்கு முதல் கசிவின் அடி கிடையாது. 2003ல் வெளியான சர்வதேச ஆய்வில், அப்படித் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறந்திருந்தார் அல்லது உடலிலோ அறிவாற்றலிலோ பாதிப்போடு இருந்தார். வயது ஐம்பதைத் தாண்டினால், அனியூரிசம் 12 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், மூளையின் பின்பக்க ரத்தக்குழாயில் இருந்தால் ஆபத்து கூடியது. இது சின்ன எண் இல்லை. நலமாக நடமாடும் ஒருவருக்குத் தற்செயலாக ஸ்கேனில் தெரிந்த சிறு அனியூரிசத்தை உடனே ஆபரேஷன் செய்யாமல் பல நிபுணர்கள் கண்காணிப்பில் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

திறக்காமல் செய்யும் வழியும் இருக்கிறது. தொடையிலிருந்து மெல்லிய குழாயைச் செலுத்தி, அனியூரிசத்துக்குள் பிளாட்டினம் சுருளை நிரப்புவது காயிலிங். இரண்டு முறையையும் ஒப்பிட 2,143 பேரைச் சேர்த்து 2002ல் வெளியான ஐசாட் என்ற ஆய்வில், ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ வேண்டி வந்தவர்களும் கிளிப்பிங்கில் 30.6 சதவீதம், காயிலிங்கில் 23.7 சதவீதம். இரண்டு முறையிலும் செய்ய முடியும் என்று கருதப்பட்ட, பெரும்பாலும் நல்ல நினைவோடு வந்தவர்கள்தான் அதில் சேர்க்கப்பட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. காயில் வைத்ததில் பிற்பாடு மீண்டும் திறந்துகொள்ளும் வாய்ப்பு சற்றுக் கூடுதல், தொடர் ஸ்கேன் வேண்டும். எது பொருந்தும் என்பதை அனியூரிசத்தின் கழுத்து அகலமும் இருக்கும் இடமும் சொல்லும். காயிலின் விலையும் நம் நாட்டில் அந்த முடிவுக்குள் நுழைந்துவிடுகிறது என்பது உண்மை.

அந்தப் பதினான்கு நாட்கள்

ஆபரேஷன் முடிந்ததும் ஆபத்து முடிந்தது என்று நினைக்கும் கட்டத்தில்தான் இந்த நோயின் மிகக் கொடிய பகுதி ஆரம்பிக்கிறது. வெளியே கசிந்த ரத்தம் உடைந்து கரையும்போது வரும் பொருட்கள், பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாய்களைச் சுருங்க வைக்கின்றன. கசிவு ஏற்பட்ட மூன்றாம் நாள் வாக்கில் தொடங்கி, ஏழிலிருந்து பத்தாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் மெல்லத் தணியும். ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்குச் சுருக்கம் தெரியும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளைக்கு ரத்தம் போதாமல் போய் அறிகுறி தெரியவரும். ஏழாம் நாள் கை தூக்க முடியாமல் போனவருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு ரத்தம் கசிந்ததோ அவ்வளவுக்கு இந்த ஆபத்து. 1980ல் ஃபிஷர் என்ற மருத்துவர் இதை ஸ்கேனில் காட்டினார்.

குழாய் சுருங்குவதுதான் காரணம் என்றால் அதை விரிக்கும் மருந்து கொடுத்தால் சரியாகிவிட வேண்டும் அல்லவா? அங்கேதான் புதிர். கிளாசோசென்டன் என்ற மருந்து சுருக்கத்தை நன்றாகவே குறைத்தது. ஆனால் 2011ல் வெளியான பெரிய ஆய்வில், நோயாளிகள் கடைசியில் எப்படித் தேறினார்கள் என்று பார்த்தபோது பலன் தெரியவில்லை. ஜப்பானில் 2022ல் அதற்கு அனுமதி கிடைத்தது. வேறு பல இடங்களில் தயக்கம் தீரவில்லை. மறுபக்கம் நிமோடிபின் என்ற மருந்து. 1989ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 554 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில், மூளைத் திசு இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, மோசமான முடிவுகள் 40 சதவீதம் குறைந்தன. இத்தனைக்கும் ஆஞ்சியோகிராமில் குழாய்களை அது பெரிதாக விரித்ததாகத் தெரியவில்லை. ஆக, மூளையைக் கெடுப்பது பெரிய குழாயின் சுருக்கம் மட்டுமில்லை. நுண்குழாய்களில் ரத்தம் உறைவது, மூளையின் மேற்பரப்பில் மின் அலைபோலப் பரவும் செயலிழப்பு, முதல் நாள் அடியின் தொடர்ச்சி எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. ஸ்டாடின், மெக்னீசியம் என்று நம்பிக்கை தந்த மருந்துகளும் பெரிய ஆய்வுகளில் கைகொடுக்கவில்லை.

எனவே மிஞ்சுவது கவனிப்புதான். நிமோடிபின் 60 மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, 21 நாள். இரவு இரண்டு மணிக்கும் செவிலியர் அதைக் கரைத்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டும், கொடுத்ததும் பி.பி. இறங்குகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும், அப்போது அளவைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ரத்தத்தில் சோடியம் (உப்பு) குறையும். அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் கட்டுப்படுத்தினால், வேறு நோய்களில் சரியாக இருக்கும் அந்த வைத்தியம் இங்கே மூளையை வறட்டிவிடும். அப்படித் தண்ணீர் குறைக்கப்பட்டவர்களுக்கு மூளைத் திசு இறப்பது அதிகம் என்று 1985லேயே எழுதிவிட்டார்கள். காய்ச்சல், சர்க்கரை ஏறுவது, நிமோனியா, இதயம் தற்காலிகமாகத் தளர்ந்துபோவது, மூளை நீர் தேங்கி அதை வெளியேற்ற வைத்த குழாயில் கிருமி புகுவது: ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக முடிவைக் கீழே இழுக்கும்.

சீக்கிரம் கிளிப்போ காயிலோ போட்டுவிடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இங்கே இருக்கிறது. அடைப்பதற்கு முன் பி.பி.யை ஏறவிடக் கூடாது, வெடித்துவிடும். அடைத்த பிறகு, குழாய் சுருங்கும் நாட்களில், மூளைக்கு ரத்தம் போவதற்காக பி.பி.யை வேண்டுமென்றே ஏற்ற வேண்டியிருக்கும். அடைக்காத நோயாளிக்கு இந்த வைத்தியத்தைத் துணிந்து செய்ய முடியாது.

இதெல்லாம் ராத்திரி பகலாக ஆள் இருந்து, இதையே பார்த்துப் பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஆண்டுக்கு பத்துக்கும் குறைவாக இந்த நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகள், 35க்கு மேல் பார்க்கும் இடங்களுக்கு விரைவாக அனுப்புவதை யோசிக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் 2012 வழிகாட்டுதல் சொன்னது. நல்ல சர்ஜன் இருக்கிறாரா என்று விசாரிக்கும் குடும்பங்கள், இரவு ஐ.சி.யூ.வில் யார் இருப்பார்கள், ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி என்றும் விசாரிக்க வேண்டும். அதேபோல, பக்கத்தில் இருக்கும் உறவினர் சொல்வதை யாரும் தட்டிவிடக் கூடாது. "காலையில நல்லா பேசினார், இப்ப என்னவோ சோர்வா இருக்கார்" என்பதுதான் பல சமயம் முதல் அறிகுறி. பணம் கையைக் கடிக்கிறது என்று பத்தாம் நாளே வீட்டுக்குக் கூட்டிப்போகும் குடும்பங்களின் நிலை புரிகிறது. அப்படிப் போனாலும் மாத்திரையை 21 நாளுக்கு முன் நிறுத்திவிட வேண்டாம்.

"நல்லாத்தானே இருக்கார்"

ஆய்வுகளில் "நல்ல முடிவு" என்று எண்ணப்படுபவர், பிறர் உதவியின்றி நடந்து, குளித்து, சாப்பிடுபவர். அவர் கணக்குப் பார்க்க முடியாமல் இருக்கலாம். நேற்று சொன்னதை மறந்துபோகலாம். மூளையின் முன்பக்கத்தில் இரு பக்க ரத்தக்குழாய்களையும் இணைக்கும் இடத்து அனியூரிசம் வெடித்தவர்களிடம் குணமே மாறிப்போவதைப் பார்க்கலாம்: அமைதியானவர் சிடுசிடுப்பார், கெட்டிக்காரர் எதிலும் நாட்டமின்றி உட்கார்ந்திருப்பார். பிழைத்தவர்களில் கணிசமானோருக்கு மறதி, தீராத அசதி, மனச்சோர்வு. சுமார் ஐம்பது வயதில், வீட்டின் வருமானத்தைச் சுமந்துகொண்டிருந்தவர் பழைய வேலைக்குத் திரும்ப முடியாமல் போவது இதனால். தலையில் தையல் தழும்பைத் தவிர வெளியே ஒன்றும் தெரியாததால், "சோம்பேறி ஆகிட்டார்" என்ற பேச்சும் வந்துவிடுகிறது. அது மூளைக் காயத்தின் வெளிப்பாடு. நினைவாற்றலைச் சோதித்து, பயிற்சி கொடுக்க ஆள் இருந்தால் பலர் மேலும் தேறுவார்கள். ஓராண்டுக்குப் பிறகும் முன்னேறுபவர்கள் உண்டு.

இதில் திருத்தக்கூடிய ஒன்று தவறிப்போவதுண்டு. நன்றாகத் தேறி வீட்டுக்கு வந்தவர், சில வாரம் கழித்து நடையில் தள்ளாடுகிறார், கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல மெல்ல நடக்கிறார், சிறுநீரை அடக்க முடியவில்லை, மறதி கூடுகிறது. பழைய நோயின் மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். மூளை நீர் மெல்லத் தேங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும், ஷன்ட் குழாய் வைத்து நீரை வயிற்றுக்குத் திருப்பிவிட்டால் பலர் நன்றாகத் திரும்பி வருகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆனபோது எடுத்த ஸ்கேன் சரியாக இருந்தது என்பது அடுத்த மாதத்துக்கு உத்தரவாதம் இல்லை. இந்த மாற்றங்கள் தெரிந்தால் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.